அளந்து பார்க்காத பல்: பிரிட்டனில் பல் மருத்துவப் பதிவு, ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது ஒரு பெண் பல் மருத்துவரின் நிகழ்வு. இந்தியாவில் பி.டி.எஸ். (பல் மருத்துவப் பட்டம்) முடித்தவர். ஓராண்டு இன்டர்ன்ஷிப், பிறகு தனியார் கிளினிக்கில் மூன்று ஆண்டு வேலை. 2021 தொடக்கத்தில் கணவரின் வேலையை ஒட்டி பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்தார். அதற்கு முன்பே, குழந்தைப்பேற்றால் பதினான்கு மாதம் ஏர்ரோட்டரை (காற்றில் சுழலும் பல் வெட்டும் கருவி) கையில் எடுக்கவில்லை. பதிவு எண் அவர் கைக்கு வந்தது 2025-இல். நடுவில் போன நான்கு ஆண்டுகளுக்கு மேலான காலத்தில், தேர்வுகள் உண்மையிலேயே கேட்ட காலம் எவ்வளவு, தவிர்த்திருக்கக்கூடிய தாமதம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டோம்.

பிரிட்டனில் பல் மருத்துவம் செய்ய ஜெனரல் டென்டல் கவுன்சிலின் (ஜி.டி.சி.) பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். இந்தியப் பட்டத்தை வைத்து நேரடியாகப் பதிவு பெற முடியாது. ஜி.டி.சி. நடத்தும் ஓ.ஆர்.இ. (வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான பதிவுத் தேர்வு) ஒரு வழி. இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் நடத்தும் எல்.டி.எஸ். தேர்வு இன்னொரு வழி. இவர் ஓ.ஆர்.இ.யைத் தேர்ந்தெடுத்தார். அதன் பகுதி 1 கணினியில் எழுதும் இரண்டு தாள்கள். பகுதி 2-இல் நான்கு கூறுகள்: மனிகின் (பொம்மைத்) தலையில் செய்முறை, ஓஸ்கி (நிலையம் நிலையமாகச் சென்று செய்து காட்டும் தேர்வு), நோயறிந்து சிகிச்சைத் திட்டம் வகுத்தல், மருத்துவ அவசரநிலை. நான்கிலும் தேறினால்தான் பகுதி 2-இல் தேர்ச்சி. ஒவ்வொரு பகுதிக்கும் அதிகபட்சம் நான்கு முயற்சிகள். பகுதி 1-ஐ முதன்முறை எழுதிய நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் பகுதி 2-க்கு உட்கார வேண்டும்.

பெருந்தொற்றால் 2020-இல் நிறுத்தப்பட்ட தேர்வுகள் 2022-இல்தான் மீண்டும் தொடங்கின. ஆகவே இவர் வந்திறங்கியபோது எழுதத் தேர்வே இல்லை. இதை இவர் ஓய்வுக்காலமாக எடுத்துக்கொண்டார். பின்னால் வந்த சிக்கல்களில் பாதி இங்கே தொடங்கியவை.

காகித வேலை: 2021 முதல் 2022 வரை

தேர்வுக்கு விண்ணப்பிக்க முக்கியமாக மூன்று ஆவணங்கள் தேவைப்பட்டன. முதலாவது ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக் என்ற ஆங்கிலத் தேர்வு: மொத்தம் 7.0, எந்தப் பிரிவிலும் 6.5-க்குக் குறையக் கூடாது, எழுதி இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. இரண்டாவது, தொழில் நடத்தையில் குறை இல்லை என்று, பதிவு வைத்திருந்த கவுன்சில் தரும் குட் ஸ்டாண்டிங் சான்றிதழ். இதற்கு ஆயுள் மூன்று மாதம். மூன்றாவது, நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்துத் தன் கையால் சிகிச்சை செய்த 1,600 மணி நேரத்துக்கான சான்று. வேடிக்கை பார்த்த நேரமும் பேண்டம் ஹெட் எனும் பொம்மைத் தலையில் பயிற்சி செய்த நேரமும் இதில் சேராது.

ஐ.இ.எல்.டி.எஸ். முதல்முறை மொத்தம் 7.5 வந்தது, ஆனால் எழுத்தில் 6.0. மருத்துவக் கேஸ் ஷீட் எழுதிப் பழகிய கை, வாக்கியங்களைத் துண்டு துண்டாகவே எழுதியிருந்தது. இரண்டாம் முறை எழுத்தில் 7.0 கிடைத்தது. இது பெரிய தாமதம் அல்ல.

பெரிய தாமதம் மணிக்கணக்குக் கடிதத்தில் வந்தது. கல்லூரி தந்த கடிதத்தில் ‘ஓராண்டு கட்டாய இன்டர்ன்ஷிப்பை வெற்றிகரமாக முடித்தார்’ என்று மட்டும் இருந்தது. மணி நேரம் எங்கும் இல்லை. கிளினிக் உரிமையாளரின் கடிதமும் ‘மூன்று ஆண்டுகள் பணியாற்றினார்’ என்று சொன்னதோடு சரி. விண்ணப்பம் திரும்பி வந்தது. கல்லூரியிலிருந்து துறைவாரியாக மணி நேரம் பிரித்த கடிதம் வாங்க ஐந்து மாதம் ஆனது. பழைய லாக் புத்தகத்தைத் தேடி எடுத்து அனுப்பிய பிறகே அலுவலகம் கணக்குப் போட முன்வந்தது. அதற்குள் குட் ஸ்டாண்டிங் சான்றிதழின் மூன்று மாதம் கடந்துவிட்டது. அதையும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. கோப்பு ஏற்கப்பட்டபோது 2022-இன் நடுப்பகுதி.

ஆவணங்களைத் திரட்டிய வரிசைதான் இங்கே தவறு. சீக்கிரம் கிடைப்பதை முதலில் வாங்கினார், இழுத்தடிப்பதைக் கடைசிக்கு விட்டார். சீக்கிரம் கிடைப்பதுதான் சீக்கிரம் காலாவதியும் ஆகிறது.

இடைக்கால வேலை

2021 இறுதியில் ஒரு பல் மருத்துவமனையில் பயிற்சி டென்டல் நர்ஸாகச் சேர்ந்தார். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியில் சேர்ந்திருந்தால் பதிவு இல்லாமலே இந்த வேலையைச் செய்யலாம். சம்பளம் குறைவு. ஆனால் பிரிட்டிஷ் நடைமுறை இதில் பழகியது. பற்களை யு.ஆர். 6 (வலது மேல் ஆறாவது), எல்.எல். 4 (இடது கீழ் நான்காவது) என்று அழைப்பது, ஈறின் நிலையைக் காட்டும் பி.பி.இ. குறியீடுகள் எழுதுவது, கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கும் எச்.டி.எம். 01-05 ஒழுங்கு, எக்ஸ்ரே படத்தை ‘ஏற்கத்தக்கது’, ‘ஏற்கத்தகாதது’ என்று தரம் பிரிப்பது எல்லாம் புத்தகத்தைத் திறக்காமலே மனத்தில் ஏறின.

இந்தக் காலத்தில் எடுத்த இரண்டு முடிவுகளைக் குறித்தே ஆக வேண்டும். உறவினர் ஒருவர், ‘நீங்க டாக்டர்தானே, ஒரு ஸ்கேலிங் மட்டும் பண்ணிவிடுங்களேன்’ என்று கேட்டார். இவர் மறுத்துவிட்டார். பதிவு இல்லாதவர் பல் மருத்துவம் செய்வது 1984-ஆம் ஆண்டின் டென்டிஸ்ட்ஸ் சட்டப்படி குற்றம். காசு வாங்கவில்லை என்பது பாதுகாப்பு ஆகாது என்ற நிலையிலேயே நிற்பது நல்லது. சமூக வலைத்தளப் பக்கத்தில் பிரிட்டன் முகவரிக்கு மேலே இருந்த ‘டென்டிஸ்ட்’ என்ற சொல்லையும் எடுத்துவிட்டார். அந்தப் பட்டத்தைப் பயன்படுத்துவதும் பதிவு பெற்றவருக்கே உரியது.

மூன்றாவது ஒரு முடிவு கை நழுவியது. வெளிநாட்டுப் பல் மருத்துவர்கள் தேர்வு எழுதாமல் டென்டல் தெரபிஸ்டாகப் பதிவு கேட்கும் வழி அப்போது இருந்தது. பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டார். 2023 மார்ச்சில் அந்த வழி மூடப்பட்டது. அதில் போயிருந்தால், எளிய நிரப்புதல்களையாவது இவர் கை தினமும் செய்துகொண்டிருக்கும்.

பகுதி 1: 2023

இடம் பிடிப்பதே தனித் தேர்வு. முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் இடங்கள் தீர்ந்தன. முதல் முறை கிடைக்கவில்லை. அடுத்த முறை கிடைத்தது. முதல் முயற்சியிலேயே தேர்ச்சி. மருந்தியலும் வாய் நோயியலும் இந்தியப் பாடத்திட்டத்தில் ஆழமாகவே படித்தவை என்பதால், படிப்பு நேரத்தில் பெரும்பங்கைச் சட்டம், ஒழுக்கநெறி, கதிரியக்க விதிகள், பிரிட்டிஷ் வழிகாட்டுதல்கள் ஆகியவற்றுக்கு ஒதுக்கினார். சரியான முடிவு.

பகுதி 2, முதல் முயற்சி: 2024

பகுதி 2-இன் கட்டணம் பகுதி 1-ஐப் போலப் பல மடங்கு. அதைக் கட்டியபோது இவர் நோயாளியின் பல்லைத் தொட்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. தயாரிப்பில் ஓஸ்கிக்கும் சிகிச்சைத் திட்டத்துக்கும் ஐந்து மாதம் போனது. மனிகின் செய்முறைக்கு ஒரே ஒரு ஐந்து நாள் வகுப்பு. ‘நூற்றுக்கணக்கில் கிரவுன் வெட்டியிருக்கிறேன், ஐந்து நாளில் கை திரும்பிவிடும்’ என்பது அவர் கணக்கு. (கிரவுன் என்பது பல்லின் மேல் மாட்டும் உறை; அதற்கு இடம் கிடைக்கப் பல்லைச் சுற்றிலும் வெட்டிக் குறைப்பார்கள்.)

மனிகின் கூறில் தேறவில்லை. பகுதி 2 போயிற்று.

பயிற்சிக்கூடத்தில் அளந்தபோது

தேர்வில் வந்த பணிகளை வெளியே சொல்லக் கூடாது என்பதால் அவற்றைப் பற்றி இங்கே எதுவும் இல்லை. கீழே வருபவை, தேர்வு முடிந்த இரண்டாம் வாரம் பயிற்சிக்கூடத்தில், வழக்கமாக வெட்டுவது போலவே இவரை வெட்டச் சொல்லி, பயிற்சியாளர் அளந்த அளவுகள். பணி: கீழ்த்தாடை முதல் கடைவாய்ப்பல்லில் முழு உலோகக் கிரவுனுக்கான வெட்டு.

கடியைத் தாங்கும் கன்னப் பக்கத்துக் கூரில் 1.5 மி.மீ. குறைத்திருக்க வேண்டும், இவர் வெட்டியது 2.3. நாக்குப் பக்கத்துக் கூரில் 1 மி.மீ. வேண்டியதற்கு 0.8. எதிரெதிர்ச் சுவர்கள் சேர்ந்து சாயும் கோணம் 10 முதல் 20 டிகிரிக்குள் இருக்க வேண்டும். இவருடையது 30-ஐத் தாண்டியிருந்தது. மிச்சமிருந்த சுவரின் உயரம் 3 மி.மீ.தான், கடைவாய்ப்பல்லில் கிரவுன் பிடித்து நிற்க 4 மி.மீ. வேண்டும். சேம்ஃபர் ஓரம் (கிரவுனின் விளிம்பு உட்காரும் வளைந்த வெட்டு) முன்பக்கத்தில் 0.5 மி.மீ., பின்பக்கத்தில் கிட்டத்தட்ட ஒரு மி.மீ., அதுவும் உதடு போல விளிம்பு தூக்கியபடி. பக்கத்து இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லில் பர் (கருவியின் வெட்டும் முனை) உரசிய வடு. கடிகாரம் காட்டியது 55 நிமிடம்.

காரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்ததில் தெரியவந்தவை இவை.

இவர் இந்தியாவில் வெட்டியவற்றில் பெரும்பாலானவை ஆர்.சி.டி. (வேர்ச் சிகிச்சை) முடித்த பற்கள். நரம்பு இல்லாத பல்லில் கூடுதலாக வெட்டினால் அன்று யாருக்கும் வலிக்காது. கிரவுன் செய்யும் லேப்பிலிருந்து போன் வருவது ‘மேடம், இடம் பத்தல’ என்று சொல்வதற்கு மட்டும்தான். ‘ரொம்ப வெட்டிட்டீங்க’ என்று எந்த லேப்காரரும் போன் செய்வதில்லை. நிறைய இடம் கிடைத்தால் அவருக்கு வேலை எளிது. மூன்று ஆண்டுகள் இந்த ஒருவழிக் குறையை மட்டுமே கேட்டுப் பழகிய கை, ஒரே திசையில் நகர்ந்திருந்தது. இத்தகைய தவறை அதே கிளினிக்கில் இருந்துகொண்டு யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

இரண்டாவது, பிளாஸ்டிக் பல். எனாமலின் எதிர்ப்பு அதில் இல்லை. உயிர்ப்பல்லில் கொடுக்கும் அதே அழுத்தத்தைக் கொடுத்தால் பர் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கிவிடும். தண்ணீர் குறைந்தால் பிளாஸ்டிக் உருகிப் பரில் அடைத்துக்கொள்ளும். அடைத்த பர் வெட்டாமல் துள்ளும். துள்ளுவதை அடக்க மேலும் அழுத்துவார்கள். சேம்ஃபர் ஆழம் மாறிப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மூன்றாவது, உட்காரும் நிலை. பின்பக்கச் சுவரைக் கண்ணாடியில் பார்த்து வெட்டாமல் கழுத்தை வளைத்து நேரடியாகப் பார்க்க முயன்றார். கழுத்து வளைந்தால் முழங்கையும் சாய்கிறது, பர் மாட்டிய ஹேண்ட்பீஸும் சாய்கிறது. பின்பக்கச் சுவர் மட்டும் அதிகம் சாய்ந்திருந்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

நான்காவது, எவ்வளவு வெட்டுவது என்று முன்கூட்டியே காட்டும் ஆழக்கோடுகள் போடவே இல்லை. கண் மதிப்பில் வெட்டினார்.

மாற்றிய பயிற்சி முறை

இரண்டாம் முயற்சிக்கு முன் பதினான்கு வாரம் எடுத்துக்கொள்ள முடிவானது. வாரத்துக்கு மூன்று மாலை, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். மேசையில் பொருத்தும் பேண்டம் ஹெட் ஒன்றைப் பழையதாக வாங்கினார். முதலில் மின்மோட்டார் ஹேண்ட்பீஸ் வாங்க நினைத்ததைப் பயிற்சியாளர் தடுத்தார். மின்மோட்டார் அழுத்தினாலும் நிற்காமல் வெட்டும். ஏர்ரோட்டர் அழுத்தினால் வேகம் இறங்கி முனகும். அந்த முனகல்தான் ‘அழுத்தாதே’ என்று கைக்குச் சொல்லும் எச்சரிக்கை. எனவே சிறிய கம்ப்ரெசரும் ஏர்ரோட்டரும் தண்ணீர்க் குப்பியும் வாங்கப்பட்டன.

விதி ஒன்றுதான்: முந்தைய பல்லை அளந்து எழுதாமல் அடுத்த பல்லைத் தொடக் கூடாது.

அளப்பதற்குப் புட்டி (பிசைந்த மாவு போன்ற அச்சுப் பொருள்) அச்சு. வெட்டும் முன், அந்தப் பல்லோடு இருபுறமும் ஒவ்வொரு பல்லையும் சேர்த்து சிலிகான் புட்டியை அழுத்தி அச்சு எடுத்தார். பக்கத்துப் பற்கள் சேரவில்லையென்றால் அச்சு அதே இடத்தில் திரும்ப உட்காராது, அளவு பொய்யாகிவிடும். அச்சைக் கன்னத்திலிருந்து நாக்குப் பக்கமாகப் பிளேடால் நடுவே அறுத்து, ஒரு பாதியை மீண்டும் பல்லின் மேல் வைத்தால் இடைவெளி தெரியும். அதை மி.மீ. குறியிட்ட பெரியோ புரோபால் (ஈறை அளக்கும் மெல்லிய கம்பி) அளந்தார். முன்பின்னாக அறுக்க இன்னொரு அச்சு.

சேம்ஃபருக்கு நுனி விட்டம் 1 மி.மீ. உள்ள, முனை உருண்ட டேப்பர் பர். அதன் நுனியில் பாதி பல்லுக்குள் போனால் ஆழம் 0.5 மி.மீ. பாதிக்கு மேல் போனால் வெளி விளிம்பு தாங்கலின்றி உதடு போலத் தூக்கி நிற்கும். முன்பு வந்த உதட்டுக்குக் காரணம் இதுவே. ஆழக்கோடு போடவும் இதே பர்தான்: அகலம் தெரிந்த கருவியே அளவுகோலாகிவிடுகிறது.

பக்கத்துப் பல்லைக் காக்க இரண்டு ஏற்பாடுகள். இடையில் உலோக மேட்ரிக்ஸ் பட்டை. ஊசி போன்ற மெல்லிய பரால், வெட்டும் பல்லின் பக்கத்திலேயே மெல்லிய தகடு ஒன்றை விட்டுவைத்து ஊடுருவுதல். தகடு கடைசியில் தானே உடைந்து விழும். வெட்டத் தொடங்குமுன் பக்கத்துப் பல்லின் சுவரில் மார்க்கர் மை பூசிவைத்தார். முடிந்ததும் மை எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே பர் பட்டிருக்கிறது. பழைய வடுவா புதிய வடுவா என்ற குழப்பமும் இதனால் ஒழிந்தது.

மொத்தம் 61 பற்கள். முதல் 20-இல் நேரம் பார்க்கவே கூடாது என்பது ஏற்பாடு. அளவு சரியாக வந்த பிறகுதான் கடிகாரம். ஏறத்தாழ முப்பதாவது பல்லில் கூர்க் குறைப்பு தொடர்ந்து 1.4 முதல் 1.6 மி.மீ.க்குள் நின்றது. சுவர்ச் சாய்வு திருந்த இன்னும் பத்துப் பற்கள் ஆயின, அதுவும் பேண்டம் தலையின் உயரத்தை ஏற்றி, அதற்கு நேர் பின்னால் (பன்னிரண்டு மணி நிலையில்) உட்கார்ந்து, கண்ணாடியை விடாமல் பயன்படுத்திய பிறகுதான். கடைசி வாரங்களில் மூன்று மணி நேரம் தொடர்ச்சியாக உட்கார்ந்து பல பணிகளைச் செய்து பழகினார். மனிகின் கூறின் நேரம் அதுவே. இரண்டாம் மணி நேரத்தில் கை தளர்வதை இந்த அமர்வுகளில்தான் முதலில் கண்டார்.

மற்ற கூறுகள்

சிகிச்சைத் திட்டத்தில் வெளிநாட்டில் படித்தவர்கள் வழக்கமாகச் சறுக்குவது, கிரவுனிலோ இம்பிளான்டிலோ திட்டத்தைத் தொடங்குவதால். வலியும் அவசரமும் முதலில், பிறகு ஈறும் சொத்தையும் கட்டுக்குள் வர வேண்டும், மறுமதிப்பீடு, அதன் பின்னரே நிரந்தர வேலை. பி.பி.இ. 4 (ஆழமான ஈறுப் பை) எழுதிவிட்டு, முழு வாய்க்கும் பல்லுக்கு ஆறு புள்ளி வீதம் ஈறுப் பை அளவு கேட்காமல் பிரிட்ஜைப் (பல் பாலத்தை) பற்றிப் பேசுவது அடிப்படைப் பிழை. 15 வயதுக்கு உட்பட்டவர், கர்ப்பிணி, பாலூட்டும் தாய் ஆகியோருக்கு அமால்கம் (பாதரசம் கலந்த நிரப்பி) வைக்க 2018 ஜூலை முதல் கட்டுப்பாடு இருப்பதை மறப்பதும் அப்படியே. ஒப்புதல் வாங்குவதில், பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் 2015 மான்ட்கோமரி தீர்ப்புக்குப் பிறகு, அந்த நோயாளிக்கு எந்த அபாயம் முக்கியமோ அதைச் சொல்லியாக வேண்டும். எல்லாருக்கும் சொல்லும் பொதுப் பட்டியல் போதாது. நர்ஸ் வேலை இந்த இடத்தில் நன்றாகக் கைகொடுத்தது.

அவசரநிலைக்கான அளவுகள் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும்: அனஃபிலாக்ஸிஸில் (உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை) பெரியவருக்கு அட்ரினலின் 500 மைக்ரோகிராம் தசையில், தேவைப்பட்டால் ஐந்து நிமிடத்தில் மறுபடி, நெஞ்சுவலிக்கு ஆஸ்பிரின் 300 மி.கி. மென்று விழுங்க; சர்க்கரை இறங்கி நினைவு தப்பினால் குளுககான் 1 மி.கி.; ஆக்சிஜன் நிமிடத்துக்கு 15 லிட்டர். நெஞ்சழுத்தம் 30-க்கு இரண்டு மூச்சு, ஆழம் 5 முதல் 6 செ.மீ., நிமிடத்துக்கு 100 முதல் 120.

விளைவு

2025-இல் இரண்டாம் முயற்சியில் பகுதி 2-இல் தேர்ச்சி. பதிவு விண்ணப்பத்துக்கு மறுபடியும் மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட் ஸ்டாண்டிங் சான்றிதழ் தேவைப்பட்டது. இம்முறை முடிவு வந்த அன்றே கவுன்சிலுக்கு எழுதியதால் இடைவெளி விழவில்லை. தொழில் இழப்பீட்டுக் காப்பு எடுத்துக்கொண்டு தனியார் சிகிச்சை மட்டும் செய்யும் ஓரிடத்தில் சேர்ந்தார். என்.எச்.எஸ். (அரசு சுகாதாரச் சேவை) நோயாளிகளைப் பார்க்க ஜி.டி.சி. பதிவு மட்டும் போதாது. அதற்கு அனுமதி பெற்றவர்களின் பட்டியலான பெர்ஃபார்மர்ஸ் லிஸ்ட்டில் இடம் வேண்டும், அதற்கு மேற்பார்வையாளரின் கீழ் மதிப்பீட்டுக் காலமும் உண்டு. அந்தப் பணி நடந்துகொண்டிருக்கிறது.

மறுபடி செய்தால் மாற்றவேண்டியவை

மணிக்கணக்குக் கடிதத்தை நாட்டை விட்டுக் கிளம்பும் முன்பே, துறைவாரியாக மணி நேரம் எழுதி, கல்லூரி முதல்வரின் கையொப்பத்தோடு வாங்கியிருக்க வேண்டும். குட் ஸ்டாண்டிங் சான்றிதழைக் கடைசியாக வாங்கியிருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய ஓராண்டு.

தேர்வு நிறுத்தப்பட்டிருந்த 2021-இலேயே பேண்டம் ஹெட் வாங்கியிருக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு பல் போதும். பதினான்கு வாரத்தில் அவ்வளவு பிடிவாதமாகத் திருத்த வேண்டிய பழக்கம், அளந்து பார்த்திருந்தால் முதல் மாதத்திலேயே தெரிந்திருக்கும். பகுதி 1-ஐ எழுதியதுமே ஐந்து ஆண்டுக் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது என்பதால், கை தயாராக இல்லாமல் பகுதி 1-க்கு அவசரப்படுவதும் யோசிக்க வேண்டியதே. இவருக்குக் கால அவகாசம் மிஞ்சியது. இன்னொருவருக்கு மிஞ்சாமல் போகலாம்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. வேலையில் சேர்ந்த இரண்டாம் மாதம் லேப்பிலிருந்து அழைப்பு வந்தது: ஒரு பீங்கான் கிரவுனுக்கு மெல்லும் பரப்பில் 0.3 மி.மீ. இடம் போதவில்லை. கை இப்போது மறுபக்கம் சாய்ந்திருக்கிறது. புட்டி அச்சை நோயாளிகளுக்கும் எடுக்கத் தொடங்கியிருக்கிறார்.